இருள் வினையும் இரண்டு அம்புக்குறிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிக் கடைமடைப் பகுதியில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டு மாணவன் தன் அறிவியல் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினான். இருள் வினை என்றால் என்ன என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு, ‘பசுங்கணிகத்தின் ஸ்ட்ரோமாவில் இரவு நேரத்தில் நடைபெறும் வினை’ என்று எழுதியிருந்தான். அதற்கு இரண்டுக்கு இரண்டு கிடைத்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் சரிக்குறியும் இருந்தது. அதே தாளில், தனிம வரிசை அட்டவணையின் ஒரு தொடரில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கத் தேவைப்படும் ஆற்றல்) அதிகரிக்கும் என்று சரியாக எழுதி, அதற்கும் முழு மதிப்பெண் பெற்றிருந்தான். ஏன் அதிகரிக்கிறது என்று கேட்டேன். ‘அம்புக்குறி அந்தப் பக்கம்தானே போகுது, சார்’ என்றான்.

திருத்திய ஆசிரியரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு வகுப்புக்கு ஐம்பது அறுபது தாள்கள், கையில் ஒரு விடைக்குறிப்பு, அடுத்த வாரமே தேர்ச்சி விழுக்காடு பற்றிய ஆய்வுக் கூட்டம் என்ற நெருக்கடியில், திருத்துபவரின் கண் ‘ஸ்ட்ரோமா’ என்ற சொல்லைத் தேடி ஓடுமே தவிர ‘இரவு’ என்ற சொல்லில் நிற்காது. நானும் அப்படித் திருத்தியவன்தான். ஒளிச்சேர்க்கை, தனிமங்களின் ஆவர்த்தனப் பண்புகள் என்ற இரண்டு பாடங்களும் ‘ஏன்’ என்று கேட்டுக் கேட்டுப் படிப்பதற்கென்றே அமைந்தவை. அவற்றில் ஒன்றை ஒரு பெயராகவும் மற்றொன்றை இரண்டு அம்புக்குறிகளாகவும் சுருக்கிவிட்டோம். சுருக்கியது பாடநூல் என்பதைவிட வினாத்தாளும் அதன் விடைக்குறிப்புமே என்பது என் கருத்து.

2023-ஆம் ஆண்டில் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு என்ற பாடத்தையே நீக்கியபோது பரவலாகக் கண்டனம் எழுந்தது. பதினொன்றாம் வகுப்பு நூலில் அப்பாடம் இருக்கிறது என்று அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டு வணிகவியலுக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகும் பிள்ளை அந்த அட்டவணையை வகுப்பில் பார்க்கவே போவதில்லை என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை. நம் மாநிலப் பாடநூல் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என மூன்று வகுப்புகளிலும் அப்பாடம் படிப்படியாக வருகிறது. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பாடத்தை வைத்திருப்பது வேறு, பாடம் பிள்ளையிடம் போய்ச் சேர்வது வேறு.

முதலில் இருள் வினையை எடுத்துக்கொள்கிறேன். ஒளிச்சேர்க்கையின் முதல் கட்டத்தில், இலைச் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வில் உள்ள பச்சையம் ஒளியை உறிஞ்ச, நீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது, ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச். என்ற, ஆற்றலைச் சுமக்கும் இரண்டு பொருட்கள் உண்டாகின்றன. அவ்விரண்டையும் செலவழித்து, அந்தச் சவ்வைச் சூழ்ந்த உட்பாய்மமான ஸ்ட்ரோமாவில் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக மாற்றுவது இரண்டாம் கட்டம். 1905-இல் பிளாக்மேன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஒளியின் செறிவையும் வெப்பநிலையையும் மாற்றி மாற்றி அளந்து பார்த்தபோது, ஒளியைக் கூட்டினாலும் வேகம் கூடாமல் வெப்பநிலையைக் கூட்டினால் மட்டும் வேகம் கூடுகிற ஒரு நிலையைக் கண்டார். ஒளியை நேரடியாகச் சாராத ஒரு கட்டமும் உள்ளே இருக்கிறது என்ற எண்ணத்துக்கு அது வழிவிட்டது. ‘ஒளி நேரடியாக வேண்டியதில்லை’ என்ற பொருளில் அந்தக் கட்டத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர், தமிழில் ‘இருள்’ என்றாகி, பிள்ளைகளின் மனத்தில் ‘இரவு’ என்று முடிந்துவிட்டது.

அந்த வினை நடப்பது பட்டப்பகலில்தான். நெல் அரைக்கும் ஆலைக்குள் வெயில் வேண்டியதில்லை என்பதற்காக ஆலை இரவில்தான் ஓடும் என்று நாம் சொல்வதில்லை. களத்திலிருந்து நெல் வரத்து நின்றால் ஆலையும் நிற்கும். அதுபோலவே ஒளி மறைந்ததும் ஏ.டி.பி. வரத்து நிற்க, சர்க்கரை ஆக்கமும் சற்று நேரத்தில் நின்றுபோகிறது. அதோடு முடியவில்லை. ஒளி படும்போது தைலகாய்டுக்குள் ஹைட்ரஜன் அயனிகள் சேர, அதற்கு ஈடாக மக்னீசியம் அயனிகள் ஸ்ட்ரோமாவுக்குள் வருகின்றன. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி முழு வேகத்தில் இயங்க அந்த மக்னீசியமும், ஹைட்ரஜன் அயனிகள் வெளியேறியதால் அமிலத்தன்மை குறைந்த அந்தச் சூழலும் வேண்டும். ஆகவே இருள் வினையைத் தொடக்கி வைப்பதே ஒளி என்று சொன்னால் அது மிகையாகாது. ‘ஒளி சாரா வினை’ என்று சிலர் மாற்றிச் சொல்கிறார்கள். அதுவும் பாதி உண்மைதான். கண்டறிந்தவர் பெயரால் ‘கால்வின் சுழற்சி’ என்றே சொல்லிவிட்டால் ஒரு குழப்பமும் இல்லை. கதிரியக்கக் கார்பனைப் பாசிக்குக் கொடுத்து, அது எந்தெந்தச் சேர்மத்துக்குள் எந்த வரிசையில் போகிறது என்று பின்தொடர்ந்து சென்ற அந்த ஆய்வுக்காகத்தான் மெல்வின் கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று வாசகர்கள் நினைக்கலாம். அரசமரம் இருபத்துநான்கு மணி நேரமும் ஆக்சிஜன் தருகிறது, அதனால்தான் முன்னோர்கள் அதைச் சுற்றி வரச் சொன்னார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி மாதம் ஒருமுறையாவது எனக்கு வருகிறது. அனுப்புபவர்களில் என்னிடம் படித்துப் பொறியாளர் ஆனவர்களும் உண்டு என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மரத்தைச் சுற்றுவதும் சுற்றாததும் அவரவர் நம்பிக்கை. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் இலை விடும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது, நீரைப் பிளக்க ஒளி வேண்டும் என்ற இரண்டு வரி மட்டும் மனத்தில் பதிந்திருந்தால், இரவில் அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கைபேசியைத் தொடும் முன்பே எழுந்திருக்கும். கள்ளி, கற்றாழை, அன்னாசி போன்ற சில தாவரங்கள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி அமிலமாகச் சேமித்து வைப்பது உண்மை. அவையும் ஆக்சிஜனை விடுவது பொழுது விடிந்த பிறகுதான்.

அடுத்து, சமன்பாடு. ஆறு கார்பன் டை ஆக்சைடும் பன்னிரண்டு நீரும் சேர்ந்து ஒரு குளுக்கோசும் ஆறு ஆக்சிஜனும் ஆறு நீரும் உண்டாகின்றன என்பது பத்தாம் வகுப்பில் மனப்பாடமாகவே ஏறிவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் ஒரு மாணவி, இரண்டு பக்கமும் நீர் இருக்கிறதே, கணக்கில் அடிப்பதுபோல் ஆறை ஆறால் அடித்துவிடலாமே என்று உயிரியல் வகுப்பில் கேட்டாள். ‘அடிக்காதே, மார்க் போயிடும்’ என்பதே அவளுக்குக் கிடைத்த பதில். அவள் கேட்டதோ அறிவியலாளர்களையே நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வி. வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறதா, நீரிலிருந்து வருகிறதா? 1941-இல் ரூபனும் கேமனும் அவர்களுடன் பணியாற்றியவர்களும், சாதாரண ஆக்சிஜனைவிடக் கனமான ஆக்சிஜனைக் கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்து, அந்தக் கனமான ஆக்சிஜன் வெளிவரும் வாயுவில் இருப்பதைக் காட்டினார்கள். ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகளில் பன்னிரண்டு அணுக்கள். அத்தனையும் நீரிலிருந்தே வர வேண்டுமென்றால் பன்னிரண்டு நீர் வேண்டும். வலப்பக்கம் இருக்கும் ஆறு நீர் புதிதாகப் பிறந்த நீர். அதில் உள்ள ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. அடித்துவிட்டால் கணக்கு சரியாக இருக்கும், கதை தொலைந்துபோகும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். விடைக்குறிப்பில் இதற்கு இடமில்லாததால் அந்த ஐந்து நிமிடம் எந்த வகுப்பிலும் கிடைப்பதில்லை.

இதே சமன்பாட்டை வைத்துக்கொண்டு, வயலிலிருந்து வீட்டுக்கு வரும் நெல் மூட்டையின் எடை எங்கிருந்து வந்தது என்று பதினொன்றாம் வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். விவசாய வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு. ‘மண்ணிலேர்ந்து’, ‘உரத்துலேர்ந்து’ என்று குரல்கள் வரும். ஓரிருவர் தண்ணீர் என்பார்கள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் வான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு தொட்டியில் இருநூறு பவுண்டு காய்ந்த மண்ணிட்டு, ஐந்து பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 164 பவுண்டுக்கு மேல் எடை கூடியிருக்க, மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்சு அளவுதான் என்று கண்டு, எல்லாம் தண்ணீரே என்று முடிவு கட்டினார். 1648-இல், அவர் இறந்த பிறகு, அது நூலாக வந்தது. அவரும் தவறினார் என்பதை நம் பிள்ளைகள் ஒப்பு அணு நிறை கொண்டே காட்டிவிட முடியும். 180 கிராம் குளுக்கோசில் கார்பன் 72 கிராம், ஆக்சிஜன் 96 கிராம். இரண்டும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. நீர் தந்தது ஹைட்ரஜன் 12 கிராம் மட்டுமே. அரிசியில் பெரும்பகுதி ஸ்டார்ச், ஸ்டார்ச் என்பது குளுக்கோசின் தொடர். எனவே மூட்டையின் எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்தது. கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்ட நாளில், வழக்கமாகக் கடைசி பெஞ்சில் தூங்கும் பையன் ஒருவன் எழுந்து, ‘அப்ப யூரியா எதுக்கு, சார்?’ என்று கேட்டான். அந்த ஆண்டு நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது.

இனி அம்புக்குறிகள். அட்டவணையின் மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஒன்று, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒன்று. அணு ஆரம் வலப்புறம் போகப் போகக் குறையும், கீழே போகப் போகக் கூடும். அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் கவர்தன்மை இரண்டும் அதற்கு நேர்மாறு. கையேடுகளில் இவ்வளவுதான் பாடம். இந்த அம்புக்குறிகளுக்குப் பின்னால் இருப்பதோ ஓர் இழுபறி. அணுக்கருவில் உள்ள புரோட்டான்கள் வெளிக்கூட்டு எலக்ட்ரானை உள்ளே இழுக்கின்றன. இடையில் இருக்கும் உட்கூட்டு எலக்ட்ரான்கள் அந்த இழுப்பைத் திரைபோல் மறைக்கின்றன. ஒரே தொடரில் வலப்புறம் செல்லும்போது புரோட்டான் கூடிக்கொண்டே போகிறது, உட்கூடு மாறுவதில்லை. எனவே இழுப்பு இறுகுகிறது, அணு சுருங்குகிறது, எலக்ட்ரானைப் பறிப்பது கடினமாகிறது. தொகுதியில் கீழிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய கூடு சேர்வதால் வெளி எலக்ட்ரான் தொலைவுக்குப் போய்விடுகிறது. இந்த ஒரு படம் மனத்தில் இருந்தால் அம்புக்குறியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இழுபறியைக் கற்ற பிள்ளைக்கு விதிவிலக்கு என்று வரும் இடங்களும் சுவையானவை. இரண்டாம் தொடரின் முதல் அயனியாக்கும் ஆற்றல்களை மோலுக்குக் கிலோஜூல் கணக்கில் வரிசையாக எழுதினால் லித்தியம் 520, பெரிலியம் 899, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081 என்று வரும். அம்புக்குறி சொல்வதுபோல் ஏறிக்கொண்டே போகாமல் இரண்டு இடங்களில் இறங்குகிறது. போரானின் கடைசி எலக்ட்ரான், பெரிலியத்தினதைவிட ஆற்றல் கூடிய துணைக்கூட்டில் தனியாக அமர்ந்திருக்கிறது. ஆக்சிஜனில் அதே துணைக்கூட்டின் நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஒருவர் இருக்கும் அறையில் இரண்டாமவராக நுழைய வேண்டியிருக்கிறது, ஒன்றையொன்று தள்ளுகின்றன, ஆகவே பறிப்பது சற்று எளிதாகிறது. இந்த எட்டு எண்களைக் கொடுத்து வரைபடத்தாளில் குறிக்கச் சொன்னால், இறங்கும் இரண்டு இடங்களையும் பிள்ளைகளே கண்டுபிடித்து ஏன் என்று கேட்கிறார்கள். நாமோ முதலில் அம்புக்குறியைக் கொடுத்துவிட்டு, பிறகு அதற்கு விதிவிலக்கு என்று ஒரு மூன்று மதிப்பெண் வினாவைத் தனியாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். மெண்டெலீவ் 1869-இல் அட்டவணையை வெளியிட்டபோது அவர் கையில் இருந்தவை அறுபத்து மூன்று தனிமங்கள். எலக்ட்ரான் என்ற ஒன்றே அப்போது அறியப்படவில்லை. எண்களை வரிசைப்படுத்தி, காலியிடங்களை விட்டு, அங்கு வரவேண்டிய தனிமத்தின் பண்புகளை முன்கூட்டிச் சொன்னவர் அவர். 1875-இல் காலியமும் 1886-இல் ஜெர்மானியமும் அவர் விட்ட இடங்களில் வந்து அமர்ந்தன. அப்படிப் பிறந்த அட்டவணையை அம்புக்குறி மனப்பாடமாக்கியது நம் காலத்துச் சாதனை.

இரண்டு பாடங்களையும் ஒரே கடிதத்தில் ஏன் கொண்டுவந்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். மேல்நிலை வகுப்பில் ஒளிச்சேர்க்கை உயிரி-தாவரவியல் ஆசிரியருக்கும் அட்டவணை வேதியியல் ஆசிரியருக்கும் உரியது. பத்தாம் வகுப்பில் ஒரே பட்டதாரி ஆசிரியர் இரண்டையும் நடத்தினாலும், ஒன்று நூலின் முன்பாதியிலும் மற்றொன்று பின்பாதியிலும் இருப்பதால் இரண்டும் சந்திப்பதே இல்லை. உண்மையில் இலைக்குள் நடப்பது அட்டவணையில் நாம் கண்ட அதே இழுபறிதான். பாலிங் அளவீட்டில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை 3.44, ஃபுளூரினை விட்டால் அதற்கு மேல் வேறு தனிமம் இல்லை. அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் ஆக்சிஜனிடமிருந்து, அதுவும் நீருக்குள் இருக்கும் ஆக்சிஜனிடமிருந்து, எலக்ட்ரானைப் பறிப்பதென்றால் அதைவிட வலுவாக இழுக்கும் ஒன்று வேண்டும். ஒளி பட்டு எலக்ட்ரானை இழந்து நிற்கும் பச்சையம்தான் அந்த வலுவான இழுப்பைத் தருகிறது. ஒளிச்சேர்க்கைக்குச் சூரியன் ஏன் தேவை என்ற கேள்விக்கு ‘ஆற்றலுக்காக’ என்று எழுதும் பிள்ளையிடம், எதைச் செய்ய ஆற்றல் என்று கேட்டால் தடுமாறுவது, இந்த முடிச்சை யாரும் அவிழ்த்துக் காட்டாததால்தான்.

பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தையே பாருங்கள். நான்கு நைட்ரஜன் அணுக்களின் பிடியில் அமர்ந்திருக்கும் அது இரண்டு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்த அயனி, மூன்றாவதை விடாது. அதனால் தன்னைச் சுற்றி எலக்ட்ரான் ஓட்டம் நடக்கும்போது தான் குறுக்கே வராமல் இருக்கிறது. நீரைப் பிளக்கும் இடத்திலோ இதற்கு நேர்மாறாக, எலக்ட்ரான்களை ஒன்றொன்றாக விடவும் வாங்கவும் வல்ல மாங்கனீசு அணுக்கள் நான்கு, ஒரு கால்சியத்தோடு சேர்ந்து நிற்கின்றன. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த அமைப்பை அணு அணுவாகத் துலக்கிக் காட்டினார்கள். மக்னீசியம் எந்தத் தொகுதி, மாங்கனீசு எந்தத் தொகுதி என்பது ஒரு மதிப்பெண் வினா. ஏன் இங்கே இது, அங்கே அது என்பதுதான் பாடம்.

செய்முறைக்கு வசதி இல்லை என்ற பதில் உடனே வரும். பெரிய வசதி ஒன்றும் வேண்டாம். செம்பருத்தி இலையில் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி ஜெம் கிளிப் போட்டு, செடியை அதற்கு முன் ஒன்றரை நாள் இருட்டறையில் வைத்திருந்து, பிறகு ஒரு முழுப் பகல் வெயிலில் வைத்தால் போதும். இருட்டறையில் வைக்கும் கட்டத்தை அவசரத்தில் விட்டுவிட்டால் மூடிய பகுதியும் கறுத்துப்போய் மானம் போகும். எனக்கு ஒருமுறை மேலதிகாரி முன்னிலையிலேயே போயிருக்கிறது. மாலையில் இலையைக் கொதிநீரில் முக்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த ஸ்பிரிட்டில் பச்சை நிறம் முழுவதும் இறங்கும்வரை விட்டு, வெளிறி மொறமொறப்பான இலையை மறுபடி வெந்நீரில் அலசி அயோடினை விட்டால், மூடாத இடம் கருநீலமாகவும் மூடிய இடம் அயோடின் நிறத்திலேயே பழுப்பாகவும் நிற்கும். அதே மேசையில், நிறமற்ற பொட்டாசியம் அயோடைடு கரைசலில் கொஞ்சம் சோறு வடித்த கஞ்சியைக் கலந்து, குளோரின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அங்கும் அதே கருநீலம் தோன்றும். அயோடைடிடம் இருந்த எலக்ட்ரானைக் குளோரின் பறித்துக்கொண்டதால் அயோடின் வெளிவந்தது. பதினேழாம் தொகுதியில் மேலே இருப்பது கீழே இருப்பதைவிட வலுவாக எலக்ட்ரானை இழுக்கும் என்பதற்குக் கண்ணெதிரே சான்று. சொட்டு அதிகமானால் வந்த நிறம் போய்விடும், கவனம் வேண்டும். இலைக்கும் அட்டவணைக்கும் சாட்சி சொல்வது ஒரே நிறம் என்று கண்ட பிள்ளைகள் அதை மறந்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கல்வித் துறைக்கும் பாடநூல் எழுதும் குழுவினருக்கும் என் வேண்டுகோள் பெரிதல்ல. பாடநூலின் அடுத்த பதிப்பில் ‘இருள் வினை’ என்ற பெயரைக் கைவிட்டு, அல்லது குறைந்தது அது பகலில்தான் நடக்கிறது என்ற ஒரு வரியையாவது கட்டம் கட்டிப் போட்டுக் ‘கால்வின் சுழற்சி’ என்ற பெயரையே எங்கும் பயன்படுத்தலாம். மேல்நிலை முதலாண்டில் தாவரவியல் ஆசிரியரும் வேதியியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்த இரண்டு பாடவேளைகள் ஒதுக்கலாம். கால அட்டவணை போடும் உதவித் தலைமையாசிரியருக்கு அது தலைவலிதான், ஆனால் ஆண்டுக்கு இரண்டே நாள். எல்லாவற்றுக்கும் மேலாக, வினாத்தாள் மாற வேண்டும். வினாத்தாள் மாறாமல் பயிற்சி வகுப்பு எத்தனை நடத்தினாலும், மறுநாள் காலை புத்தகத்தின் பின்பக்க வினாக்களுக்கே வகுப்பு திரும்பிவிடும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததே.

எப்படிப்பட்ட வினா என்று கேட்டால், ஒன்றைத் தருகிறேன். ஒரு தனிமத்தின் முதல், இரண்டாம், மூன்றாம் அயனியாக்கும் ஆற்றல்கள் மோலுக்கு முறையே 738, 1451, 7733 கிலோஜூல். அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, எப்படி அறிந்தாய்? அத்தனிமம் பச்சையத்தின் நடுவில் இருப்பது. அது மண்ணில் குறைந்தால் இலையில் என்ன தெரியும், அடி இலையில் முதலில் தெரியுமா, குருத்திலா? இரண்டாவதைவிட மூன்றாவது எண் ஐந்து மடங்குக்கு மேல் தாவுவதைப் பார்த்து இரண்டாம் தொகுதி என்று சொல்ல அட்டவணைப் பாடம் போதும். செடி தன் பழைய இலையிலிருந்து மக்னீசியத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும், ஆகவே அடி இலையில்தான் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும் என்று சொல்ல, வயலில் நின்று பார்த்த அனுபவமே பல பிள்ளைகளுக்குப் போதும். இரும்புக் குறைவில் குருத்து முதலில் வெளுப்பதையும் சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்களில் உண்டு.

அப்படி ஒரு வினா வருகிற ஆண்டில், விடைக்குறிப்பின் அடியில், மாணவர் காரணத்தைத் தம் சொந்தச் சொற்களில் சரியாக எழுதியிருந்தால் முழு மதிப்பெண் வழங்குக என்ற வரியும் அச்சாக வேண்டும். இல்லாவிட்டால் திருத்துபவர் பழையபடி சொல்லைத்தான் தேடுவார். பக்கத்து வீட்டு மாணவனுக்கு இருள் வினை பகலில் நடப்பதை அன்று விளக்கிச் சொன்னேன், அவனுக்கும் புரிந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, ‘திருப்புதல் தேர்வில் இதுவே வந்தா எதை எழுதறது, சார்? இரவுன்னு போட்டதுக்குத்தானே ரெண்டு மார்க் குடுத்தாங்க’ என்று கேட்டான். அவனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில், விடைக்குறிப்பு தயாரிப்பவர்களின் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.